கம்பி மெலிந்தால் சூடு எங்கே போகும்?

ராஜபாளையத்திலிருந்து அக்கா போன் செய்திருந்தாள். பிளஸ் டூ முடித்த பையனை எந்தப் பாடப்பிரிவில் சேர்ப்பது என்று வீட்டில் பெரிய சண்டை. அவனுக்கு மெக்கானிக்கல் மேல் ஆசை. அக்காவுக்கும் அத்தானுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. "நீயே மெக்கானிக்கல் படிச்சிட்டு இப்ப ஐடியிலதான இருக்க? அவனுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லு தம்பி" என்றாள்.

எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஐடி வேலைதான் என்னை சிட்னிக்கு, இந்த வெஸ்ட்மீடுக்குக் கொண்டுவந்தது. வீட்டுக் கடன் அதில்தான் அடைகிறது. ஆனால் வாய் வரவில்லை. காரணம், அதற்கு முந்தைய ஜனவரியில் நடந்த ஒரு சம்பவம்.

சிட்னியின் மேற்குப் பகுதி வெயிலைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரைப் பக்கம் காற்று வாங்கிக்கொண்டிருக்கும்போது இங்கே அனல் அடிக்கும். 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. நான் சொல்லும் நாள் அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் நல்ல வெயில். வீட்டிலிருந்து வேலை. மதியம் இரண்டு மணிக்கு ஒரு வாடிக்கையாளரின் பணப் பரிவர்த்தனைகள் திடீரென மெதுவாகிவிட்டன. கோடில் பிழையா, டேட்டாபேஸா, நெட்வொர்க்கா என்று ஐந்து பேர் ஆறு மணி நேரம் தேடினோம். எல்லாம் சரியாகவே இருந்தது. இரவு எட்டு மணிக்கு மேல்தான் ஒருவர் கண்டுபிடித்தார்: சர்வர்கள் வைத்திருந்த இடத்தில் ஒரு வரிசைக்குக் குளிரூட்டல் சரியாகப் போகவில்லை. சில்லுகள் சூடாகி, தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொண்டன. நாங்கள் தேடியது எழுத்தில், பிழை இருந்ததோ சூட்டில்.

எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. நான் 'ஹீட் டிரான்ஸ்ஃபர்' படித்தவன். தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் படித்த யாரைக் கேட்டாலும் கோதண்டராமன் – சுப்பிரமணியன் டேட்டா புக்கைச் சொல்வார்கள். பரீட்சை ஹாலுக்குள் எடுத்துப்போக அனுமதிக்கப்பட்ட, நம் காலத்து வேதப் புத்தகம் அது. அதை வைத்துக்கொண்டு நல்ல மார்க்கும் வாங்கினேன். இருந்தும் ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட, எனக்கும்கூட, 'சூடா இருக்குமோ?' என்று கேட்கத் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். சூடு என்பது ஏசி மெக்கானிக் பார்த்துக்கொள்ளும் விஷயம் என்று கணினித் துறையில் இருக்கும் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தப்பு. தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய கம்பிக்குள் வெப்பம் எப்படி நகர்கிறது என்ற கேள்விதான் இன்று கணினியின் வேகத்தையும், மின் கட்டணத்தையும், சென்னையில் குடிநீர் யாருக்கு என்பதையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது. இதைப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளை நாம் வலுக்கட்டாயமாக வேறு பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

டேட்டா புக்கில் இல்லாத எண்

1822இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே வெப்பத்துக்கு ஒரு விதி சொன்னார். ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால், எவ்வளவு வெப்பம் பாயும் என்பது அந்த வித்தியாசத்தையும் பொருளின் கடத்தும் திறனையும் பொறுத்தது. கடத்தும் திறன் என்பது பொருளின் குணம். தாமிரம் என்றால் மீட்டருக்கு, டிகிரிக்கு 400 வாட்டுக்குச் சற்றுக் கீழே, சிலிக்கான் என்றால் 148 அளவில். கம்பி தடிமனோ மெல்லிசோ, அந்த எண் மாறாது. அதனால்தான் அதை அட்டவணை போட்டு டேட்டா புக்கில் அச்சிட முடிகிறது.

அந்த நம்பிக்கை நானோமீட்டரில் உடைகிறது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் தோராயமாக 80,000 நானோமீட்டர். 2003இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் அருண் மஜும்தார், பெய்டாங் யாங் ஆகியோரின் குழு தனித்தனி சிலிக்கான் நானோ கம்பிகளை எடுத்து அளந்தது. வெற்றிடத்தில் இரண்டு சின்னஞ்சிறு மேடைகள், ஒவ்வொன்றிலும் ஹீட்டராகவும் தெர்மாமீட்டராகவும் வேலை செய்யும் பிளாட்டினச் சுருள், இரண்டுக்கும் நடுவே பாலம் போல ஒரே ஒரு கம்பி. 115 நானோமீட்டர் கம்பியில் கடத்தும் திறன் 148இலிருந்து சுமார் 40க்கு இறங்கிவிட்டது. 22 நானோமீட்டர் கம்பியில் 10க்கும் கீழே. பொருள் அதே சிலிக்கான்தான், மாறியது தடிமன் மட்டும்.

ஏன் இப்படி? மதுரை சித்திரை வீதியில் திருவிழாக் கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலமான தெருவில் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்வார்களே தவிர, சுவரில் மோதுவது ஓரத்தில் போகிற சிலர்தான். அதே கூட்டத்தை ஓர் ஆள் நுழையும் சந்துக்குள் விட்டால்? ஒவ்வொருவரும் சுவரில் உரசிக்கொண்டேதான் போக வேண்டும். சிலிக்கானுக்குள் வெப்பத்தைச் சுமப்பவை அணுக்களின் அதிர்வுகள். இவற்றைப் பொட்டலம் பொட்டலமாக எண்ணி 'ஃபோனான்' என்கிறது இயற்பியல். அறை வெப்பநிலையில் வெப்பத்தில் பெரும்பங்கைச் சுமக்கும் ஃபோனான்கள் எதிலும் மோதாமல் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் தூரம் ஓடக்கூடியவை. கம்பியே 22 நானோமீட்டர்தான் என்றால் ஓட இடமேது? அடிக்கு அடி சுவர்தான்.

சுவர் சொரசொரப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2008இல் இதே பெர்க்லி குழு, வேண்டுமென்றே மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய 50 நானோமீட்டர் சிலிக்கான் கம்பிகளை அளந்தபோது கடத்தும் திறன் 1.6க்கு வந்திருந்தது. கட்டியான சிலிக்கானில் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு. ஜன்னல் கண்ணாடியின் அளவுக்கு இறங்கிவிட்டது என்று சொல்லலாம்.

ஓம் தப்பித்தார், ஃபூரியே மாட்டிக்கொண்டார்

இதில் நம்ம ஊர், அதாவது சிட்னி, சம்பந்தப்பட்ட ஒரு கதையும் இருக்கிறது. கென்சிங்டனில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மிஷெல் சிம்மன்ஸ் குழு, மெல்பர்ன் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 2012 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. சிலிக்கான் படிகத்துக்குள்ளேயே பாஸ்பரஸ் அணுக்களை வரிசையாகப் பதித்து ஒரு கம்பி செய்திருந்தார்கள். நான்கு அணு அகலம், ஒரு அணு உயரம். அவ்வளவுதான் கம்பி! அதை மிகக் குளிர்ந்த நிலையில் அளந்தபோது, பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதி அப்படியே வேலை செய்தது. அகலத்தைக் குறைத்தாலும் மின்தடைத் திறன் மாறவில்லை. மின்சாரத்தைச் சுமப்பதில் தாமிரத்துக்குச் சமமாக நின்றது அந்தக் கம்பி.

கவனியுங்கள். ஃபூரியேவின் வெப்பக் கணக்கைப் பார்த்துத்தான் 1827இல் ஓம் தன்னுடைய மின்சார விதியை அமைத்தார். தம்பி போன்ற விதி நான்கு அணு அகலத்திலும் தாக்குப்பிடித்தது. அண்ணன் விதியோ நூறு நானோமீட்டரிலேயே தள்ளாடுகிறது. காரணம் எளிது. அந்தக் கம்பியில் பாஸ்பரஸ் அணுக்கள் ஒரு நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நெருக்கியடித்து நின்றன. கம்பி படிகத்துக்குள் புதைந்திருந்ததால் சொரசொரப்பான வெளிச்சுவர் என்ற பிரச்சினையும் இல்லை. எலக்ட்ரான்களுக்கு அது போதும். ஆனால் நீண்ட தூரம் ஓடிப் பழகிய ஃபோனான்களுக்குச் சுவர்தான் எல்லாம்.

செய்தியில் வந்தது 'கம்பியை இன்னும் மெல்லிதாக்கலாம்' என்ற நல்ல பாதி. மெல்லிதாக்கினால் சூடு எப்படி வெளியே வரும் என்ற மறுபாதி தலைப்புச் செய்தி ஆவதே இல்லை.

இஸ்திரிப் பெட்டியும் சில்லும்

இது ஆய்வக விளையாட்டு அல்ல. 2012இல் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த சில்லுகளிலிருந்தே டிரான்சிஸ்டர் மீன் துடுப்பு மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. அந்தத் துடுப்பின் தடிமன் பத்து நானோமீட்டருக்குள். இப்போது வரும் புதிய வகைகளில் அதையும் படுக்க வைத்து, இன்னும் மெல்லிய தகடுகளாக அடுக்குகிறார்கள். ஒவ்வொரு தகட்டையும் சுற்றிச் சிலிக்கான் டை ஆக்சைடு போன்ற காப்புப் பொருள். அது வெப்பத்தைக் கடத்துவது சிலிக்கானில் நூறில் ஒரு பங்கு. அதாவது மின்சாரம் கசியாமலிருக்கப் போர்த்திய அதே போர்வை, வெப்பத்தையும் உள்ளேயே அமுக்குகிறது. தாமிர இணைப்புக் கம்பிகளுக்கும் இதே கதிதான். தாமிரத்தில் வெப்பத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள். அவை மோதாமல் ஓடும் தூரம் சுமார் 39 நானோமீட்டர். கம்பி அதைவிடக் குறுகினால் மின்தடை ஏறும், வெப்பம் கடத்துவதும் குறையும். இரண்டு பக்கமும் அடி.

அளவு புரிவதற்கு ஒரு கணக்கு. வீட்டு இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். அடித்தகடு 150 முதல் 200 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தாறு வாட் வருகிறது. இன்று செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படும் என்விடியாவின் ஹெச்100 சில்லு 700 வாட் வரை எடுக்கிறது. அதன் பரப்பு எட்டு சதுர சென்டிமீட்டர் சொச்சம். சதுர சென்டிமீட்டருக்கு 85 வாட்டுக்கு மேல். இஸ்திரிப் பெட்டியைப் போலப் பதினைந்து மடங்கு. இந்தச் சூட்டை ஒரு நொடி எடுக்காமல் விட்டாலும் ஆபத்து.

என்னைப் போன்ற மென்பொருள்காரர்களுக்கு இந்தச் சூடு ஏற்கெனவே ஒரு பாடம் நடத்தியிருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்புவரை பிராசஸரின் கிளாக் வேகம் வருடாவருடம் ஏறிக்கொண்டே போனது. 2004இல் இன்டெல் தன் அடுத்த பென்டியம் 4 திட்டத்தையே கைவிட்டது. டிரான்சிஸ்டர் சிறுத்தால் மின்செலவும் அதே விகிதத்தில் சிறுக்கும் என்ற பழைய கணக்கு பொய்த்துப்போய், சூடு கட்டுக்கு மீறியது. வேகத்தைக் கூட்ட முடியாததால்தான் ஒரே சில்லில் இரண்டு, நான்கு, எட்டு என்று கோர்களைப் போட்டார்கள். நாங்கள் எல்லாரும் பேரலல் புரோகிராமிங்கோடு மல்லுக்கட்டுவது அதனால்தான். எங்கள் தொழிலின் பாதையைத் திருப்பியதே சூடுதான். ஆனால் எந்த நேர்காணலிலும் அதைப் பற்றி ஒரு கேள்விகூட வராது.

பில் யார் தலையில்?

சில்லில் பிறந்த சூடு எங்கேயோ போயாக வேண்டும். டேட்டா சென்டருக்குள் போகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. வெஸ்ட்மீடிலிருந்து எம்4 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஹன்டிங்வுட், ஈஸ்டர்ன் க்ரீக் பக்கம் ஜன்னலில்லாத பெரிய பெரிய கட்டடங்கள் தெரியும். 'கிளவுட்' என்று நாம் மேகத்தைப் பெயராக வைத்திருப்பது அங்கேதான் இருக்கிறது. சிட்னியிலேயே அதிகம் சூடாகிற பகுதியில்.

சென்னையில் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் அதே மாதிரிக் கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2021இல் டேட்டா சென்டருக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. வேலைவாய்ப்பு, முதலீடு எல்லாம் நல்லதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு மெகாவாட் சூட்டை முழுக்கத் தண்ணீரை ஆவியாக்கியே தணிப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்குச் சுமார் 36,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரி மூன்று. இது ஒரே ஒரு மெகாவாட்டுக்கு. பெரிய டேட்டா சென்டர்கள் பத்துக்கணக்கில், நூற்றுக்கணக்கில் மெகாவாட் எடுப்பவை. தண்ணீர் வேண்டாம், காற்றை வைத்தே குளிர்விக்கிறோம் என்றால் மின்சாரச் செலவு கூடும், அதுவும் சென்னை வெயிலில். சும்மா எதுவும் கிடைக்காது.

2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது என்ன நடந்தது என்று ஓ.எம்.ஆரில் வேலை பார்த்தவர்களுக்கு மறந்திருக்காது. தண்ணீர் இல்லாததால் ஐடி கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னன. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசை நின்றது. அடுத்த முறை அப்படி ஒரு கோடை வந்தால் லாரி முதலில் எந்தக் கேட்டுக்குள் போகும்? இதைக் கேட்பது வளர்ச்சிக்கு விரோதமான கேள்வி அல்ல. கணக்குக் கேட்கிற கேள்வி.

நானோ கம்பியில் ஒரு டிகிரி சூட்டைச் சுலபமாக வெளியே எடுக்க ஒருவர் வழி கண்டுபிடித்தால், வெளியே இருக்கும் குளிரூட்டிக்கு அந்த அளவு வேலை குறைகிறது. கொஞ்சம் கூடுதல் சூட்டிலேயே தண்ணீரைச் சுற்றவிடலாம். அதை ஆவியாக்காமலே காற்றில் ஆறவிடலாம். சில்லுக்குள் இருக்கும் சுவரும் சென்னையின் லாரியும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மின்சாரத்தை விட்டு வெப்பத்தை மட்டும் தடுக்கும் கம்பி, வீணாகும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கு ஏற்ற பொருள். 2008இல் அந்தச் சொரசொரப்பான கம்பி உலகம் முழுக்கப் பேசப்பட்டதற்கு அதுதான் காரணம். ஆனால் ஆய்வகத்தில் ஒரு கம்பியில் கிடைத்ததைக் கோடிக்கணக்கான கம்பிகளில், முனைகளைச் சரியாக இணைத்து, வருடக்கணக்கில் உழைக்கும்படி செய்வது வேறு வேலை. நாளைக்கே வந்துவிடும் என்று ஆசைகாட்ட மாட்டேன். செய்வதற்கு வேலை பாக்கி இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் செய்தது

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாசாரம், நமக்கு எதுக்கு?" என்று அத்தான் கேட்டார். அவர் வீட்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் அரை மணி நேரம்கூட இல்லை. அந்த வட்டாரத்தில் 1898இல் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியிலும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் படித்தவர் கே.எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவை அறிவித்த 1928ஆம் ஆண்டு 'நேச்சர்' குறிப்பில் சி.வி. ராமனோடு பெயர் போட்டவர் இவர். டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர்.

1954இல் கிருஷ்ணனும் எஸ்.சி. ஜெயினும் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார்கள். பொருள் என்ன தெரியுமா? வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடாக்கப்பட்ட மெல்லிய தண்டில் வெப்பநிலை எப்படிப் பரவியிருக்கிறது என்பது. முனைகள் பிடிமானத்தில் இருப்பதால் அங்கே குளிர்ச்சி, நடுவில் கொதிப்பு. வெற்றிடம் என்பதால் காற்று வெப்பத்தைத் திருடாது, ஒளியாகக் கதிர்வீசித்தான் போக முடியும். நடுவிலிருந்து முனை வரை வெப்பநிலை எப்படி இறங்குகிறது என்று பார்த்தால், அந்தப் பொருளின் கடத்தும் திறனைக் கணக்கிட்டுவிடலாம்.

அவர்களுடைய தண்டு கண்ணுக்குத் தெரியும் அளவு, பெர்க்லி கம்பி கண்ணுக்கே தெரியாத அளவு. கருவியும் வேறு, கணக்கும் வேறுதான். ஆனால் காற்றை அகற்று, மின்சாரத்தால் சூடாக்கு, வெப்பநிலையைப் படி, கடத்தும் திறனைச் சொல் என்ற அடிப்படை யோசனை ஒன்றே. சுதந்திரம் கிடைத்து ஏழே வருடத்தில், இன்றைய கருவிகள் எதுவும் இல்லாத நாட்டில் அதைச் செய்தார்கள். என் மருமகன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறான். கிருஷ்ணன் என்ற பெயரை அவன் கேள்விப்பட்டதே இல்லை. நானும் மெக்கானிக்கல் நான்கு வருடம் படித்து முடிக்கும்வரை கேள்விப்படவில்லை.

அக்காவின் கேள்வி நியாயமானது

"பேரு புகழ் எல்லாம் சரி தம்பி, வேலை கிடைக்குமா?" இது அக்கா. இந்தக் கேள்வியை நான் கிண்டல் செய்ய மாட்டேன். கல்விக் கடன் வாங்கிப் படிக்கிற வீட்டில் முதலில் வர வேண்டிய கேள்வி அதுதான். மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஐந்தாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் அலைந்த நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். நான் ஐடிக்குத் தாவியதே அதனால்தான். சிட்னியில் உட்கார்ந்துகொண்டு ஊர்ப் பிள்ளைக்குத் தியாகம் போதிப்பது யோக்கியமில்லை.

ஆனால் நிலைமை மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2024–25 கல்வியாண்டிலிருந்து, ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பைத் தகுதியுள்ள கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ தளர்த்திவிட்டது. கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களைக் கூட்டுகின்றன, மெக்கானிக்கல், சிவில் வகுப்புகள் காலியாகின்றன. எல்லாரும் ஒரே வாசலில் நின்றால் என்ன ஆகும் என்பதை நெரிசலில் மாட்டியவருக்குச் சொல்லித்தர வேண்டாம். இன்னொரு பக்கம், குஜராத்தின் தொலேராவில் 91,000 கோடி ரூபாயில் டாடாவின் சில்லு ஆலைக்கு 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2025–26 பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயில் செமிகண்டக்டர் இயக்கம் அறிவித்திருக்கிறது, கோவை வட்டாரத்தில் சூலூர், பல்லடத்தில் பூங்காக்கள் வருகின்றன. சில்லு நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளைத் திறந்து பார்த்தால் 'தெர்மல் இன்ஜினியர்' என்ற பதவி கண்ணில் படும். அதற்குக் கேட்கும் படிப்பு மெக்கானிக்கல், இயற்பியல், மெட்டீரியல் சயின்ஸ். மேலே சொன்ன அருண் மஜும்தாரே ஐஐடி மும்பையில் மெக்கானிக்கல் படித்தவர்தான்.

ஆகவே, என் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று, டேட்டா சென்டர்களுக்கு நிலமும் மின்கட்டணச் சலுகையும் கொடுக்கும்போது, ஒவ்வொன்றும் வருடத்துக்கு எத்தனை யூனிட், எத்தனை லிட்டர், எந்த நீராதாரத்திலிருந்து என்ற கணக்கைத் தமிழில் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்று அரசு நிபந்தனை போடட்டும். மேற்கு சிட்னியில் இருக்கும் நாங்களும் எங்கள் கவுன்சிலிடம் இதையேதான் கேட்க வேண்டும்.

இரண்டு, செமிகண்டக்டர் இயக்கத்தின் பணத்தில் ஒரு பங்கு, மெல்லிய படலங்களிலும் கம்பிகளிலும் வெப்பத்தை அளக்கும் பொது ஆய்வகத்துக்குப் போகட்டும். சென்னையிலோ கோவையிலோ ஒன்று இருந்து, சின்னக் கல்லூரி மாணவரும் நேரம் பதிவு செய்து வந்து அளக்கும்படி இருந்தால் போதும். கட்டடம் கட்டுவது சுலபம், அளக்கத் தெரிந்த கைகளை உருவாக்குவதுதான் கஷ்டம்.

மூன்று, ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்தில் ஃபூரியே விதி எங்கே உடைகிறது என்று ஒரு அலகு வரட்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கும், ஒரு கணக்கைப் போட எவ்வளவு சூடு பிறக்கிறது என்பதைப் பற்றி ஒரே ஒரு தாள் இருக்கட்டும். அது இருந்திருந்தால் அன்று எங்கள் ஆறு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

கடைசியாக மருமகனிடமே பேசினேன். இதே கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, கம்பி மெலிஞ்சுக்கிட்டே போனா கடைசியில சூடு போறது நின்னுருமா?"

நின்றுவிடாது என்றேன். ஒரே ஒரு பாதைதான் மிச்சம் என்ற அளவுக்கு மெலிந்த கம்பியிலும், அந்தப் பாதை அதிகபட்சம் எவ்வளவு வெப்பம் கடத்தலாம் என்று இயற்கை ஓர் அளவு வைத்திருக்கிறது. அறை வெப்பநிலையில், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு, அதிலும் கால் பங்குக்குச் சற்று மேல். கம்பி தங்கமா சிலிக்கானா என்ற பேதம் அதற்கு இல்லை. 2000இல் கால்டெக்கில் கடுங்குளிரில் அதை அளந்தார்கள். 2017இல் மிச்சிகனில் பிரமோத் ரெட்டி, எட்கர் மெய்ஹோஃபர் குழு ஒற்றைத் தங்க அணு வழியாக அறை வெப்பநிலையிலேயே அளந்து காட்டியது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா மறுபடி போன் செய்தாள். "என்னடா சொல்லிக் குடுத்த அவனுக்கு? மெழுகுவத்தியும் செம்புக் கம்பியுமா உக்காந்திருக்கான். கவுன்சிலிங் லிஸ்ட்ல மெக்கானிக்கலை முதல்ல போட்டுட்டான்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் மாற்றச் சொல்லி என்னிடம் கேட்கவில்லை.